உற்றவன் முதலாய நாற்கூறு
மருந்ததிகாரத்தின் இறுதிக் குறள்களும் முதியோர் மருத்துவமும்

முன்னுரை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் அறிஞர் பலரால் பலகாலும் எடுத்தாளப்பெற்றது. அதன் எட்டாங் குறள் மருத்துவமனைச் சுவர்களிலும் மருத்துவ மாநாட்டு மலர்களிலும் பொறிக்கப்பெற்றுப் பெரும்புகழ் எய்தியுள்ளது. நோய், நோயின் முதல், அது தணியும் வழி என்பவற்றை முறையே ஆராய்ந்து, பின்னரே பிழையின்றி மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது அக்குறளின் கருத்து. அதனை அடுத்து நின்று அதிகாரத்தை முடிக்கும் குறள்கள் இரண்டும் அத்துணைப் புகழ் பெறவில்லை. இவ்விரண்டும் ‘உற்றான்’ எனவும் ‘உற்றவன்’ எனவும் நோயுற்ற மனிதனைச் சுட்டும் சொல்லாலேயே தொடங்குகின்றன. இத்தொடக்கம் யாப்பு நோக்கி நேர்ந்ததா, ஆசிரியர் கருதி அமைத்ததா? கருதி அமைத்ததாயின் அதன் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

இது சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடும் பொருளன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி, இதயநோய் என நாட்பட்ட நோய்கள் பலவற்றை ஒருங்கே சுமந்து வாழும் முதியோர் தொகை இன்று பெருகிவருகின்றது. அவர்க்கு எம்மருந்து தருவது, எதனை நிறுத்துவது, எந்நோயை முதற்கண் நோக்குவது என்பவற்றை முடிவு செய்ய வேண்டியவர் யார்? மருத்துவர் மட்டுமா? மக்களா? நோயுற்றவரும் உடனிருந்து முடிவு செய்தல் வேண்டுமா? இவ்வினா உலகின் பலநாட்டு மருத்துவரையும் இன்று ஆட்கொண்டுள்ளது. நாற்கூற்றின் முறைவைப்பு இவ்வினாவிற்கு ஒளி தருவது என்பது எம் துணிபு.

எடுத்துக்காட்டிற்குத் தகடூர் நாட்டைக் கொள்கின்றோம். அதுவே இன்றைய தருமபுரி மாவட்டம். 1965ஆம் ஆண்டு சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. தமிழிலக்கியத்தில் நீண்ட வாழ்நாளுக்கு உரிய மருந்து ஒன்று கைமாறிய நிகழ்ச்சி இந்நாட்டு மன்னனைப் பற்றியதே. ஆதலின் இத்தேர்வு பொருத்தமுடைத்து.

1. அதிகாரத்தின் அமைப்பு

மருந்ததிகாரத்தின் பத்துக் குறள்களும் ஓர் ஒழுங்கில் நிற்கின்றன. முதற்குறள் வளி முதலிய மூன்றும் மிகினும் குறையினும் நோய் விளையும் எனப் பொதுவிதி கூறுகின்றது. அடுத்த ஆறு குறள்களும் உணவைப் பற்றியன. முன்னுண்டது செரித்தமை அறிந்து உண்க, அளவறிந்து உண்க, உடற்கு மாறுபடாதவற்றை உண்க, பசித்தீயின் அளவு கடவாது உண்க என்பன அவற்றின் பொருள். இறுதி மூன்று குறள்களே மருத்துவம் பற்றியன.

இப்பகுப்பினை ஊன்றி நோக்குதல் வேண்டும். உணவு பற்றிய ஆறு குறள்களில் மருத்துவனுக்கு இடமில்லை. தன் உடலின் செரிமானத்தையும் பசியையும் அளவையும் அறிய வல்லவன் அவ்வுடலுக்கு உரியவனே. பிறர் அறிந்து சொல்லுதற்கு இயலாத அவ்வறிவையே வள்ளுவர் நோய்த்தடுப்பின் அடிப்படையாக வைக்கின்றார். எனவே, அதிகாரத்தின் பெரும்பகுதி தன்னுடலைத் தானறியும் மனிதனை நோக்கிப் பேசுவது. அம்மனிதன் நோயுற்ற அளவிலே அவ்வறிவை இழந்துவிடுவானோ? ஒருநாளும் இழவான். ஆயினும் நடைமுறையில் நோயாளி என்று பெயரிட்ட அன்றே அவனறிவை ஒதுக்கிவிடுகின்றோம். வள்ளுவர் அவ்வாறு ஒதுக்கவில்லை என்பதற்கு இறுதிக் குறள்களே சான்று.

எட்டாங் குறள் நோயைப் பேசுகின்றது. ஒன்பதாங் குறள் நோயுற்றவனையும் நோயையும் காலத்தையும் பேசுகின்றது. பத்தாங் குறள் உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்னும் நால்வகைக் கூற்றையும் தொகுத்துப் பேசுகின்றது. நோயிலிருந்து மனிதனுக்கும், மனிதனிலிருந்து அவனைச் சூழ்ந்த கூட்டத்திற்கும் பார்வை விரிந்து செல்லும் நெறி இது. எட்டாங் குறளோடு நின்றுவிடும் மருத்துவம் நோயை மட்டுமே கண்ட மருத்துவமாம்.

2. முறைவைப்பு

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தல் வடமொழி மருத்துவ நூல்களிலும் உண்டு. சரக சங்கிதையும், வாக்படர் இயற்றிய அட்டாங்க இருதயமும் இந்நான்கினையும் கூறுகின்றன. ஆனால் அவை கூறும் வரிசை வேறு. மருத்துவன், மருந்து, பணிவிடையாளன், நோயாளி என்பதே அவ்விரண்டிலும் காணப்படும் முறை. நோயாளி ஆங்கு இறுதியில் நிற்கின்றான். அவ்வளவில் நில்லாது, நான்கனுள்ளும் மருத்துவனே தலைமையானவன் எனச் சரகம் வெளிப்படையாகக் கூறி ஓர் உவமையும் தருகின்றது. மண்ணும் கோலும் சக்கரமும் நூலும் இருப்பினும் குயவன் இன்றிக் குடம் உருவாகாதவாறு போல, ஏனைய மூன்றும் இருப்பினும் மருத்துவன் இன்றி மருத்துவம் நடவாது என்பது அது. உவமை அழகிது. மருத்துவனின் பொறுப்பை உணர்த்துதற்கு ஏற்றது. ஆயினும் அவ்வுவமையில் நோயாளி குயவன் கையகத்துக் கருவியோடு ஒருநிகராய் எண்ணப்படுகின்றான் என்பதை மறுத்தல் இயலாது.

வள்ளுவர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி நோயுற்றவனை முதற்கண் நிறுத்தினார். ‘செய்யுளாதலின் யாப்பு நோக்கி முறை பிறழ்ந்தது, அதற்குப் பொருள் காண்டல் வேண்டா’ என்பார் உளராகலாம். அவர் கூற்றை எளிதில் தள்ளுதல் ஆகாது. உள்ள சொற்களை அவ்வண்ணமே வைத்துக்கொண்டு முதலிரண்டினை இடம் மாற்றின் வெண்டளை கெடும் என்பதும் உண்மையே. எனினும் வேறு சொல்லால் மருத்துவனை முதலில் நிறுத்துதல் வள்ளுவர்க்கு அரிய செயலன்று. பத்தாங் குறளின் அடிகளுக்கிடையே நிறைந்த எதுகையும் இல்லை. வல்லினம் பற்றிய இனவெதுகையே உண்டு. எனவே ‘உற்றவன்’ என்னும் சொல்லை முதலில் வைக்குமாறு எதுகை அவரை வற்புறுத்தியது எனல் பொருந்தாது.

ஒன்பதாங் குறளிலோ நிலைமை வேறு. ஆங்கு முதலடி ‘உற்றான்’ என்றும், இரண்டாமடி ‘கற்றான்’ என்றும் தொடங்குகின்றன. நிறைந்த எதுகை இது. ஆயின் இவ்வெதுகை வெறும் ஓசையின்பத்தின் பொருட்டு வந்ததாகத் தோன்றவில்லை. மருத்துவனைக் குறிக்க எத்தனையோ சொற்கள் இருக்கவும் ‘கற்றான்’ என்னும் சொல்லைத் தேர்ந்து ‘உற்றான்’ என்பதற்கு எதிரே நிறுத்தியிருக்கின்றார் ஆசிரியர். உறுதல் என்பது அடைதல், நுகர்தல், பட்டறிதல். கற்றல் என்பது நூலானும் ஆசிரியனானும் பயிற்சியானும் அறிதல். நோயைப் பட்டறிந்தவன் ஒருவன். நோயைப் படித்தறிந்தவன் மற்றொருவன். இருவரறிவும் ஓரெதுகையாற் பிணிக்கப்பட்டு ஓரடிக்கொன்றாக நிற்கின்றன. ஒன்றன் இடத்தை மற்றொன்று கொள்ளுதல் இயலாது. உற்றான் அளவைக் கருத வேண்டியவன் கற்றான். ஆனால் அவ்வளவை உள்ளவாறு உணர்ந்தவன் உற்றானே. எனவே கற்றான் கருதுதற்கு உற்றானை வினாவுதல் இன்றியமையாதாகின்றது. இன்று ‘இணைந்து முடிவெடுத்தல்’ என மருத்துவர் வழங்கும் கருத்தின் வித்து இதுவே என்பர் சிலர். யாம் அத்துணை விரைந்து கூறோம். இன்றைய கருத்தை இடமளித்து ஏற்கும் அமைப்பு இக்குறளில் உண்டு என்ற அளவே எம் கூற்று.

3. உரையாசிரியர் கண்ட உற்றவன்

பரிமேலழகர் பத்தாங் குறளுக்கு உரை வகுக்கும்போது ஒவ்வொரு கூற்றிற்கும் நந்நான்கு பண்பு கூறிப் பதினாறாக விரிக்கின்றார். நோயுற்றவனுக்கு அவர் கூறும் பண்புகள் பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், தன் நோய்நிலையை உணர்த்துதல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பனவாம். இந்நான்கும் வாக்படர் நோயாளிக்கு ஓதிய நான்கு இலக்கணங்களோடு ஒன்றுபடுகின்றன. சரகம் நோயாளிக்குப் பொருளுடைமையைக் கூறாது நினைவாற்றலைக் கூறுகின்றது. வாக்படரே பொருளுடைமையைக் கூறுகின்றார். எனவே பரிமேலழகர் பின்பற்றிய மரபு அட்டாங்க இருதய மரபே எனத் துணியலாம்.

இவ்வுரையால் விளைந்த நன்மையும் உண்டு, குறையும் உண்டு. ‘நோய்நிலை உணர்த்தல்’ என்பதனை நோயாளியின் பண்பாக வைத்தது நன்மை. நோயாளி வாய்திறந்து பேச வேண்டியவன் என்பது அதனாற் பெறப்படும். உணர்த்துவான் ஒருவன் உளனாயின் கேட்பான் ஒருவனும் உளனாதல் வேண்டும் அன்றோ? முதியோர்திறத்து இது பெரிதும் கருதற்பாலது. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய பாட்டில் வரும் முதியவர் கோலூன்றித் தளர்ந்தவர். இருமலுக்கிடையே சில சொற்களே பேச வல்லவர். அச்சில சொற்களுக்குள் ஒரு முழு இளமையின் நினைவு அடங்கிக் கிடப்பதை அப்பாட்டு காட்டுகின்றது. வரிசையில் நிற்பவர் பலராகவும் பொழுது சிலவாகவும் உள்ள புறநோயாளர் பிரிவில் இருமலுக்கிடையே வரும் சொற்களை யார் காத்திருந்து கேட்பர்? கேளாதவிடத்து உணர்த்தல் என்னும் பண்பு நோயாளியிடம் இருந்தும் பயனில்லை.

‘மருத்துவன்வழி நிற்றல்’ என்பதே குறை. வழிநிற்றல் வேண்டா என்பது எம் கருத்தன்று. மருந்தை உரிய காலத்து உரிய அளவு உண்ணாதவன் நோய் தீரான். ஆனால் வழியைத் தேர்வதில் உற்றவனுக்குப் பங்கு உண்டா என்னும் வினாவை இவ்வுரை எழுப்பவே இல்லை. நிற்க வேண்டிய வழி முன்னரே வகுக்கப்பட்டுவிட்டது போல உரை அமைந்துள்ளது. குறளிலோ அப்படி ஒரு கட்டளை இல்லை. முதலில் நின்றவனை உரை பின்னே நடக்கச் செய்துவிட்டது. பொருளுடைமையும் இத்தகையதே. குறள் கூறாத அப்பண்பை உரை நோயாளிக்கு இலக்கணமாக வைப்பின், வறியவன் இலக்கணக் குறையுடைய நோயாளி ஆகிவிடுவான். மானாவாரி நிலத்தை நம்பி வாழும் தருமபுரிச் சிற்றூர் மக்களை நினைவார்க்கு இவ்விலக்கணத்தின் கடுமை விளங்கும்.

4. யாப்பியமும் முதுமையும்

ஒன்பதாங் குறளுரையில் பரிமேலழகர் தரும் விளக்கம் ஒன்று பொன்போற் போற்றத்தக்கது. நோயுற்றவன் அளவு என்பதற்கு அவனது இயல்பு, பருவம், வேதனை, வலிமை என்பவற்றின் அளவு எனப் பொருள் கூறுகின்றார். பிணியளவு என்பதனுள் சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் என்னும் மூவகையையும் அடக்குகின்றார். சாத்தியம் தீர்வது, அசாத்தியம் தீராதது, யாப்பியம் முற்றத் தீராதாயினும் மருந்தாலும் ஒழுக்கத்தாலும் அடக்கிவைக்கத்தக்கது. இன்று நாட்பட்ட நோய் என்று நாம் வழங்குவன பெரும்பாலும் யாப்பியமே.

யாப்பிய நோயில் மருத்துவனுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே மாறிவிடுகின்றது. தீரும் நோயாயின் குறிக்கோள் ஒன்றே. அதில் கருத்து வேறுபாட்டிற்கு இடம் சிறிது. தீரா நோயோடு பல்லாண்டு வாழ வேண்டியவனுக்கோ குறிக்கோள் பல. நெடுநாள் வாழ்தல் ஒன்று. வலியின்றி வாழ்தல் ஒன்று. பிறர் கையை எதிர்பாராது நடமாடுதல் ஒன்று. தெளிந்த அறிவோடு இருத்தல் ஒன்று. இவை தம்முள் முரணும்போது எதனை முற்படக் கொள்வது என்பதனை எந்நூலும் சொல்லாது. அது நூலறிவின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வாழ்பவன் விருப்பத்தின்பாற் பட்டது.

நோய் ஒன்றாயின் ஒருவாறு அமையும். நோய் பலவாயின் இடர்ப்பாடு மிகும். 2005ஆம் ஆண்டு சிந்தியா பாய்டு என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 79 வயதுடைய மூதாட்டி ஒருத்தியைக் கற்பித்துக்கொண்டு, அவளுக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், நுரையீரல் அடைப்பு நோய், எலும்பு நொய்ம்மை, மூட்டுத் தேய்வு என்னும் ஐந்து நோய்களையும் ஏற்றினர். ஒவ்வொரு நோய்க்கும் உரிய வழிகாட்டு நெறிகளை அப்படியே பின்பற்றின் அவள் 12 மருந்துகளை உண்ண வேண்டிவரும் எனக் கண்டனர். அந்நெறிகளுள் சில ஒன்றற்கொன்று மாறுபட்டன. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே நன்றாகிய நெறி ஐந்து சேர்ந்தவிடத்து நன்றாகாமை இதனால் விளங்கிற்று. 2012இல் அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகம் பன்னோயுற்ற முதியோர்க்கு வகுத்த நெறிகளில் நோயாளியின் விருப்பத்தை அறிதலை முதலாவதாக வைத்தது. 2016இல் இங்கிலாந்தில் நைஸ் எனச் சுருங்க வழங்கும் நலவாழ்வு நிறுவனமும், நோயாளிக்கு எது முதன்மை என வினவுக, மருத்துவத்தால் அவர் சுமக்கும் சுமையைக் குறைக்க, வேண்டா மருந்தை நிறுத்துதலையும் கருதுக என வழிகாட்டியது. கற்றார் உற்றாரை முதலில் நிறுத்தும் நெறிக்கு வந்துசேர்ந்தமை இங்ஙனம்.

இதனை நம் நாட்டிற் பொருத்திக் காண்போம். பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் 75 வயது மூதாட்டி ஒருத்தி வாழ்வதாகக் கற்பித்துக்கொள்வோம். இப்பகுதியின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. நெடுங்காலம் உண்டார்க்குப் பல்லையும் எலும்பையும் அது தாக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் இக்கேட்டை நீக்குதற் பொருட்டே பயன்பாட்டிற்கு வந்தது. ஆயினும் இளமை முதல் கிணற்றுநீர் உண்டு இறுகிய எலும்புகளைப் புதிய நீர் இளக்கிவிடாது. எனவே அவளுக்கு முதுகும் முழங்காலும் ஓயாத வலி. அதனோடு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு.

வலிக்கு அவள் உண்ணும் மாத்திரை இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். நாட்பட உண்ணின் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அழுத்தத்தைக் குறைக்கத் தரும் நீர்பிரிக்கும் மாத்திரை இரவில் அவளை எழுப்பும். இருளில் வாசற்படி தடுக்கின் இடுப்பெலும்பு முறியும். சருக்கரையை இறுக்கிப் பிடிக்கத் தரும் மருந்தோ வேளைதவறாத உணவை வேண்டும். நூறுநாள் வேலைக்குச் சென்று வெயிலில் நின்றவள் நண்பகல் உணவைத் தவறவிட்டால் சருக்கரை மிகத் தாழ்ந்து மயங்கி விழுவாள். அளவறிந்து உண்க என்னும் குறள்களின் பொருள் ஈண்டு உயிரைத் தொடுகின்றது. அவள் எப்போது உண்கின்றாள், எவ்வளவு உண்கின்றாள், எத்தனை நாள் ஒருவேளையோடு நிற்கின்றாள் என்பதனைக் குருதிச் சோதனை சொல்லாது. அவளே சொல்லுதல் வேண்டும். அவள் வேண்டுவது வாழ்நாளில் இன்னும் சில ஆண்டுகளா, தெருமுனைக் கோயில்வரை தானே நடந்து சென்று வருதலா? இதனையும் அவளே சொல்லுதல் வேண்டும். வினவாது எழுதிய மருந்துச் சீட்டு எத்துணைக் கல்வியோடு எழுதியதாயினும் ‘உற்றான் அளவு’ கருதாததேயாம்.

5. தகடூர் நெல்லி

அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையார்க்கு நெல்லிக்கனி ஈந்த செய்தி புறநானூற்றுத் தொண்ணூற்றொன்றாம் பாட்டாலும் சிறுபாணாற்றுப்படையாலும் அறியப்படுவது. பெறுதற்கு அரிய மலைப்பிளவில் விளைந்த கனியைத் தன் இடர் கருதாது கொணர்ந்து, அதன் பயனைத் தன் நெஞ்சத்துள்ளே மறைத்துக்கொண்டு, புலவர் சாவு நீங்குமாறு கொடுத்தான் என்பது செய்தி. ஔவையார் அப்போது முதியவர் என்பதற்குப் பாட்டில் குறிப்பில்லை. மக்கள் மனத்தில் ஔவை முதியவளே. அச்சொல்லின் பொருளும் அதற்கு இயைந்ததே.

இப்பாட்டைக் கொடைச் சிறப்பிற்கு எடுத்துக்காட்டுவது மரபு. மன்னன் பயனைச் சொல்லாது மறைத்தமையே கொடையின் சிகரம் எனப் பாராட்டுவர். சொல்லியிருப்பின் ஔவையார் அதனை உண்ணாது அவனுக்கே திருப்பித் தந்திருப்பார் என்பது கருத்து. இப்பாராட்டு தகும். எனினும் பாட்டின் உட்கிடையை இன்னும் ஒருபடி சென்று நோக்கலாம். தன் வாழ்நாள் நீளுதல் வேண்டுமா என்னும் முடிவில் ஔவையார்க்குப் பங்கில்லை. அன்பே அம்முடிவை அவர்பொருட்டு எடுத்துவிட்டது. பின்னொரு நாள் அதியமான் போரில் மாய்ந்தான். அவன் மார்பைத் துளைத்த வேல் பாடுவோர் நாவையும் துளைத்தது என ஔவையார் பாடிய கையறுநிலையும் புறநானூற்றில் உள்ளது. சாவு நீங்கப் பெற்றவர் ஈந்தவனின் சாவைக் கண்டு அழுமாறு எஞ்சினார். இவ்விரு பாட்டையும் அடுத்தடுத்துப் படிப்பார்க்கு, கேளாது தந்த நீள்வாழ்வின் மறுபக்கம் புலனாகும்.

அதியமானைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. கொடையறம் வேறு, மருத்துவஅறம் வேறு என்பதே யாம் வலியுறுத்துவது. கொடையில் ஈவோன் மௌனம் அழகு. பயனைச் சொல்லின் கொடை கடனாகிவிடும். மருத்துவத்திலோ தீர்ப்பான் மௌனம் குற்றம். பயனையும் கேட்டையும் சொல்லாவிடின் உற்றவன் கண்கட்டப்பட்டவன் ஆவான். நம் நாட்டில் மருத்துவர்பால் மக்கள் கொண்ட மதிப்பு பெரும்பாலும் கொடையாளர்பால் கொண்ட மதிப்பை ஒத்தது. ‘ஐயா கொடுத்தார், உண்டேன்’ என்பர் முதியோர். எது கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் எனக் கேட்பது நன்றி மறத்தல் போல அவர்க்குத் தோன்றுகின்றது. நெல்லிக்கனிக்குப் பொருந்திய நெறியை மாத்திரைக்கும் ஏற்றியதால் விளைந்த மயக்கம் இது. தீர்ப்பான் என்னும் சொல்லும் நோயைத் தீர்ப்பவன் எனப் பொருள்படுமேயன்றி, உற்றவன் வாழ்வுக்குத் தீர்ப்புக் கூறுபவன் எனப் பொருள்படாது. இந்திய உச்சநீதிமன்றமும் 2008ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில், செய்யப்போகும் மருத்துவத்தின் தன்மையும் நன்மையும் தீங்கும் மாற்றுவழியும் போதிய அளவு அறிந்து நோயாளி தரும் இசைவே இசைவாகும் எனக் கூறிற்று.

6. உழைச்செல்வான்

நாற்கூற்றுள் இறுதியில் நிற்பவன் உழைச்செல்வான். அன்புடைமை, தூய்மை, சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்பன அவனுக்குப் பரிமேலழகர் கூறும் பண்புகள். அன்பு முதலில் நிற்றல் காண்க.

தகடூர்ப் போரைப் பாடிய அரிசில்கிழார் புறநானூற்றில் புண்பட்ட வீரனைப் பேணும் மனையொன்றைக் காட்டுகின்றார். மனையில் இரவமும் வேம்பும் செருகப்படுகின்றன, ஐயவி சிதறப்படுகின்றது, யாழும் பல்லியமும் ஒலிக்கின்றன, காஞ்சி பாடப்படுகின்றது. மருத்துவம் மனையகத்தே உற்றாரும் தோழியரும் கூடிச் செய்யும் செயலாக ஆங்கு விளங்குகின்றது. உற்றவன், உற்றார் என்னும் இரண்டு சொற்களுக்கும் அடிச்சொல் ஒன்றே என்பதும் எண்ணத்தக்கது.

இன்று தருமபுரிச் சிற்றூர்களில் அம்மனை எந்நிலையில் உள்ளது? இளைஞர் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிவேலை தேடிச் சென்றுவிடுகின்றனர். முதியோர் பேரக் குழந்தைகளைக் காத்துக்கொண்டு ஊரில் எஞ்சுகின்றனர். உழைச்செல்ல வேண்டியவர் உழையில் இல்லை. தருமபுரியில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி பெரிய துணையே. எனினும் வத்தல்மலையினின்றோ சித்தேரி மலையினின்றோ இறங்கிவரும் முதியவர்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாளையும் ஒரு துணையையும் விலையாகக் கொள்ளும்.

இக்குறையை ஓரளவு நிரப்ப எழுந்த முயற்சிகள் இரண்டினை ஈண்டுச் சுட்டுவோம். ஒன்று தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம். 2021 ஆகத்து 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இது தொடங்கப்பெற்றது. கிருட்டிணகிரியும் 2004வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளை மகளிர் தன்னார்வலர் வீடு தேடிச் சென்று தருதல், நோய் தணிப்புப் பேணலும் இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே அளித்தல் என்பன இதன் கூறுகள். 2024இல் ஐக்கிய நாட்டு அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. மற்றொன்று சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவ இணையர் 1990களின் தொடக்கத்தில் கூரைக் குடிசையொன்றில் தொடங்கி வளர்த்த பழங்குடியினர் மருத்துவமனை. அப்பள்ளத்தாக்கின் மலைவாழ் பெண்களையே பயிற்றிச் செவிலியராகவும் நலப்பணியாளராகவும் ஆக்கியமை அதன் தனிச்சிறப்பு. உழைச்செல்வான் உற்றவன் ஊரினனாகவும் அவன் மொழியினனாகவும் இருத்தல் வேண்டும் என்பதனை அவ்விணையர் செயலிற் காட்டினர்.

இம்முயற்சிகளால் பொருளுடைமை என்னும் உரையிலக்கணம் தளர்ந்தது. வறியவரும் மருந்து பெற்றனர். இனிச் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. மருந்தை மனைவரை கொண்டு செல்பவர் அவள் சொல்லையும் மனையினின்று மருத்துவர்வரை கொண்டு செல்லுதல் வேண்டும். ‘இம்மாத்திரை உண்டால் தலைசுற்றுகின்றது; அதனால் மூன்று நாளாக உண்ணவில்லை’ என்பதை மருத்துவர் முன் சொல்ல அஞ்சும் மூதாட்டி, தன் திண்ணையில் அமர்ந்த ஊர்ப்பெண்ணிடம் அஞ்சாது சொல்லுவாள். அச்சொல் சீட்டில் ஏறும்போதுதான் நாற்கூறும் ஒருங்கிணையும்.

7. மறுப்பும் விடையும்

முதியோர் பலர் தாமே முடிவு செய்ய விரும்புவதில்லை; ‘நீங்களே பார்த்துச் செய்யுங்கள்’ என்கின்றனர்; அவரை வற்புறுத்துவது மேனாட்டு வழக்கை நம்மேல் திணிப்பதாகாதா எனச் சிலர் வினவுவர். இவ்வினா நேரியது. விடை இது. பிறரிடம் ஒப்படைத்தலும் ஒரு முடிவே. ஆனால் கேட்கப்பட்டபின் ஒப்படைப்பதற்கும், கேட்கப்படாமலே ஒப்படைக்கப்படுவதற்கும் வேறுபாடு பெரிது. முன்னதில் நம்பிக்கை உள்ளது. பின்னதில் நம்பிக்கை போலத் தோன்றும் வேறு வழியின்மை உள்ளது.

மகனும் மகளும் முடிவு செய்வதே நம் குடும்ப மரபு என்பது மற்றொரு மறுப்பு. மரபை யாம் மறுக்கவில்லை. உழைச்செல்வானுக்கு நாற்கூற்றில் இடமளித்த வள்ளுவரும் மறுக்கவில்லை. ஆயின் உழைச்செல்வான் இடம் நான்காவது. உற்றவன் இடம் முதலாவது. மகன் தாயின் பக்கத்தில் நிற்கலாம். தாயின் இடத்தில் நிற்றல் ஆகாது. அவள் அறிவு முற்றும் மயங்கிய நிலையில் மட்டுமே அவன் அவளுக்காகப் பேசலாம். அப்போதும் தான் வேண்டுவதை அன்று, அவள் வேண்டியிருப்பதையே பேசுதல் வேண்டும்.

கல்லாதவர்க்கு மருத்துவ நுட்பம் விளங்காது என்பது மூன்றாம் மறுப்பு. நுட்பம் முழுதும் விளங்க வேண்டுவதில்லை. ‘இந்த மருந்து வலியைக் குறைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும். அந்த மருந்து வலியை அத்துணைக் குறைக்காது. ஆயின் தீங்கு குறைவு. உங்களுக்கு எது வேண்டும்?’ எனின் அது விளங்காத முதியவர் தருமபுரியில் இலர். எந்தக் கொல்லையில் எந்த ஆண்டு கேழ்வரகு விதைப்பது, எந்த ஆண்டு தரிசு விடுவது என மழையின் நிச்சயமின்மைக்கு இடையே வாழ்நாளெல்லாம் முடிவு செய்தவர் அவர். விளங்கச் சொல்லாமை கற்றான் குறையேயன்றி உற்றான் குறையன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. மருந்ததிகாரத்தின் இறுதி இரு குறள்களும் நோயுற்றவனை முதற்கண் நிறுத்துதல் ஆசிரியர் கருதி அமைத்த முறையே. வடமொழி மருத்துவ நூல்கள் நோயாளியை இறுதியில் வைத்தமையும், உற்றான், கற்றான் என்னும் சொற்கள் எதிரெதிர் நிறுத்தப்பட்டமையும் அதனை வலியுறுத்தும். பரிமேலழகர் உரை யாப்பியத்தையும் பருவத்தையும் வேதனையையும் சுட்டி இக்குறள்களுக்கு ஆழம் தந்தது. வழிநிற்றலை மட்டும் விதித்து முதல்வனைப் பின்னிறுத்தியும் விட்டது. முற்றத் தீராத பல நோய்களோடு வாழும் முதியோர்க்கு மருத்துவம் செய்யுங்கால் உரையின் இவ்வொரு குறையை விலக்கி, குறளின் முறையைக் கொள்ளுதல் தகும்.

வள்ளுவர் இன்றைய மருத்துவத்தை முன்னரே கண்டார் எனப் பெருமை பேசுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. அவர்க்குப் பெருமையும் அன்று. சுவரிற் பொறித்த எட்டாங் குறளின் கீழ் அமர்ந்திருக்கும் மூதாட்டியை நோக்கி, ‘அம்மா, உங்களுக்கு எது முதன்மை?’ என ஒரு மருத்துவர் வினவுவாராயின், அடுத்த இரு குறள்களும் ஆங்குப் பொறிக்கப்படாமலே விளங்கும்.